பியெத்தா: சொல் விளக்கம்

இறந்த இயேசுவின் உடலை மரியாள் மடியில் ஏந்தி அமர்ந்திருக்கும் சிலைக்கும் ஓவியத்துக்கும் பியெத்தா என்று பெயர். சொல் இத்தாலியம். 'பியட்டா' ஆங்கிலவழி வந்த உச்சரிப்பு. இத்தாலிய ஒலி நம் தகரம்தான். ஒற்றையாக எழுதினால் மெலிந்துவிடும், அதனால் இரட்டிக்க வேண்டும்.

வேர், லத்தீன் 'பியெத்தாஸ்': தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் நாட்டுக்கும் ஒருவர் பட்டிருக்கும் கடமை, பற்று. இத்தாலியத்தில் இரக்கம் என்ற பொருள் மேலோங்கியது. 'இரக்கம்' என்று பெயர்த்தால் பக்தி விடுபடும். 'பக்தி' என்றால் அழுகை விடுபடும்.

இந்தக் காட்சி நற்செய்தி நூல்களில் இல்லை. மரியாள் சிலுவையருகே நின்றதை யோவான் சொல்கிறார். உடலை வாங்கி அடக்கம் செய்தவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. மடியில் கிடத்தியது பிற்காலப் பக்தி மரபு. 1300 வாக்கில் ஜெர்மன் பகுதிகளில் இதை மரத்தில் செதுக்கினார்கள். அங்கே பெயர் 'வெஸ்பர்பில்ட்', மாலைச் செபப் படிமம். பான் நகர அருங்காட்சியகத்திலுள்ள ரோட்கன் பியெத்தா அந்த வகை. துருத்திய விலா எலும்புகள், திராட்சைக் கொத்தாகத் திரண்ட குருதி. அழகுக்கு அங்கே இடமே இல்லை, பார்ப்பவர் பதற வேண்டும்.

மைக்கலாஞ்சலோ 1498–99இல் ரோமில் செதுக்கியது நேர் எதிர்: அமைதியான முகம், இளம் தாய். வளர்ந்த ஆணின் உடல் ஒரு பெண்ணின் மடியில் அடங்காது என்பதுதான் சிற்பியின் சிக்கல். ஜெர்மன் சிற்பிகள் சிலர் மகனைச் சிறிதாக்கினார்கள். இவர் தாயைப் பெரிதாக்கி, அந்த அளவு மீறலை ஆடை மடிப்புகளில் மறைத்தார். அமர்ந்த நிலையிலேயே சிலை 174 செ.மீ. உயரம். மரியாள் எழுந்தால் மகனைவிட நெடியவளாக இருப்பாள்.

உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி வேறு, பலர் சூழ்ந்து அழும் 'புலம்பல்' வேறு. ஆனால் வழக்கு கறாரானதல்ல: மைக்கலாஞ்சலோ பின்னாளில் செதுக்கிய, நான்கு உருவங்கள் கொண்ட ஃபிளாரன்ஸ் சிற்பமும் பியெத்தா என்றே அறியப்படுகிறது.

தமிழில் பலரும் எழுதும் 'வியாகுல மாதா' பொருந்துமா? பாதிதான். நெஞ்சில் வாள் பாய்ந்து தனியே நிற்கும் மரியாளுக்கும் அதே பெயர். மடிக் காட்சியை நம் கத்தோலிக்கர்கள் சிலுவைப் பாதையின் (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் வழிபாடு) பதின்மூன்றாம் நிலையாகவே அறிவார்கள். கலை பற்றிய கட்டுரையில் முதன்முறை 'மகனை மடியேந்திய வியாகுல அன்னை' என்று எழுதி, பிறகு பியெத்தா என்றே தொடரலாம். 'கருணை மாதா' வேண்டாம். இறந்த மகனே அதில் இல்லை.