மலை மைதானத்தில் தண்ணீர் ராக்கெட்: எப்போது ஏவக் கூடாது?

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23ஐத் தேசிய விண்வெளி தினமாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் தண்ணீர் ராக்கெட் (பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பம்பால் காற்றடித்து மேலே பாய விடுவது) விடுவதற்கும் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சமவெளிக்கு அது சரி. நீலகிரிக்கு அது தென்மேற்குப் பருவமழையின் நடுப்பகுதி. கூடலூர், பந்தலூர் பக்கம் குடையை மடக்கவே நேரம் இருக்காது. ஊட்டியில் மழை விட்டாலும் மஞ்சு இறங்கிவிடும். அதனால் அழைப்பிதழ் அடிக்கும்போதே மாற்றுத் தேதியையும் சேர்த்து அடித்துவிடுங்கள். எந்தெந்த நிலையில் ஏவுதலை நிறுத்துவோம் என்பதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகு யாருக்கும் நிறுத்த மனம் வராது.

முதலில் பாட்டில். கேஸ் நிரப்பிய குளிர்பானம் வந்த 2 லிட்டர் பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். மினரல் வாட்டர் பாட்டில் அதற்காகச் செய்ததல்ல. மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், எத்தனை பாட்டில், எதற்கு என்று பள்ளியிலிருந்து எழுதிக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நாலைந்து பாட்டிலை வைத்து எல்லா வகுப்பும் மாறி மாறி விடலாம். முடிந்ததும் அவற்றை எண்ணிப் பார்த்துக் கீழே அனுப்பிவிட வேண்டும். கீறல், மடிப்பு, வெள்ளைத் தழும்பு தெரியும் பாட்டிலை ஒதுக்குங்கள். பத்து தடவை ஏவிய பாட்டிலை நாங்கள் நம்புவதில்லை. துடுப்புகளை டேப்பால் ஒட்டினால் போதும். சூடான குளூ கன் பாட்டிலை இளக்கும், ஃபெவிக்விக் மாதிரிப் பசை நுண்விரிசல் விடும். தீக்குச்சி மருந்து, பட்டாசு மருந்து பக்கமே போக வேண்டாம். வெடிமருந்து செய்யும் அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையில் அந்த வேலைக்குத் தனிக் கட்டடமும் தனிப் பயிற்சியும் இருப்பது சும்மா இல்லை.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 600 முதல் 700 மில்லி. காற்று 40 முதல் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு); 60ஐத் தாண்டவே கூடாது. அழுத்தமானி இல்லாமல் "எத்தனை அடி அடித்தோம்" என்று எண்ணுவது மலையில் ஏமாற்றிவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சைக்கிள் பம்பின் ஒவ்வொரு அடியிலும் அந்த அளவுக்குக் குறைவான காற்றே உள்ளே போகிறது. மேட்டுப்பாளையத்தில் 10 அடியில் எட்டும் அழுத்தத்துக்கு இங்கே 13 அடி வேண்டும். இங்கே 13 அடி அடித்துப் பழகிய பிள்ளை கீழே போட்டிக்குப் போய் அதே 13 அடி அடித்தால் பாட்டிலின் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்தது கசிவு, எல்லாத் தாமதங்களுக்கும் தாய். 2013 ஆகஸ்ட் 19 அன்று இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி-டி5 ராக்கெட் புறப்பட 1 மணி 14 நிமிடம் இருந்தபோது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. அந்தக் கட்டத்தையே மாற்றி, 2014 ஜனவரி 5 அன்றுதான் ஏவினார்கள். நம் ராக்கெட்டில் கசிவு பாட்டில் வாயில் மாட்டும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் வரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ரப்பர் விறைத்து, நசுங்கினால் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் ஏழு பேர் இறந்ததற்கும் குளிரில் விறைத்த ஓ-ரிங்தான் காரணம். எனவே ஏவு மேடையை இரவில் வெளியே விடாமல் வகுப்பறைக்குள் வையுங்கள். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் கட்டியாகிவிடும், தவிர எண்ணெயும் வாஸ்லினும் இயற்கை ரப்பரை ஊதிப்போகச் செய்யும்.

பம்புக்கும் மேடைக்கும் இடையே 5 மீட்டராவது ஹோஸ் வேண்டும். தேயிலைக்கு மருந்தடிக்கும் ஹோஸ் அழுத்தம் தாங்கும். ஆனால் கடையில் புதிதாக வாங்குங்கள், தோட்டத்தில் பயன்படுத்தியது வேண்டாம். பம்ப் முனையில் ஒரு டி இணைப்பும் திறந்து மூடும் வால்வும் கட்டாயம். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பம்பை மாட்டும் சைக்கிள் வால்வு காற்றை உள்ளே மட்டுமே விடும். பிடியை விடுவிக்கும் கயிற்றை இழுத்தும் ராக்கெட் கிளம்பவில்லை என்றால், திறந்து மூடும் வால்வு இல்லாதவர்கள் அழுத்தத்தோடு நிற்கும் பாட்டிலை நெருங்கிப் போக வேண்டிவரும். முகத்தில் அடிபடுவது அப்போதுதான்.

ஆகவே ஏவுதல் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதமானால், காரணம் எதுவானாலும் முதலில் காற்றை இறக்குங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஆள் கிட்டே போகலாம். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 ஏவுதல் 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது நின்றது. அங்கேயும் திரவ ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் வெளியேற்றிய பிறகுதான் ராக்கெட்டை நெருங்கிக் கோளாறைப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில், ஜூலை 22 அன்று, அது கிளம்பியது.

"நிறுத்து" என்று சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எல்லாருக்கும் இருக்கட்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும்கூட. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனைக்கான டிவி-டி1 ராக்கெட்டை 2023 அக்டோபர் 21 அன்று கணினி 5 விநாடி இருக்கையில் நிறுத்தியது. சரிபார்த்து அதே காலை 10 மணிக்கு ஏவினார்கள்.

காற்றைப் பார்க்கத் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கே போதும். இலை மட்டும் ஆடினால் ஏவலாம், கிளை ஆடினால் காத்திருங்கள். மைதானத்தின் மறுகோடி மஞ்சில் மறைந்தால் நிறுத்துங்கள், ராக்கெட் யார் தலையில் இறங்கும் என்று தெரியாது. இடி கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். கூட்டம் 15 மீட்டர் தள்ளி, சரிவின் மேல்பக்கம் நிற்கட்டும்.

மலை மைதானம் வெட்டிச் சமன் செய்த சின்ன இடம். ராக்கெட் சுலபமாக 50 மீட்டர் போய்க் கீழ்த்தட்டுத் தேயிலைக்குள் விழுந்துவிடும். எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அட்டைப்பூச்சி கடித்தால் உப்புப் போடலாம். குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் பகலிலேயே படுத்திருக்கும் காட்டெருமைக்கு என்ன போடுவது? தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவரைக் கேட்டு, அவரோடு பெரியவர் ஒருவர் போய் எடுத்து வரட்டும். அன்றே கிடைக்கவில்லை என்றாலும் மறுநாள் தேடி எடுத்துவிட வேண்டும், அனுமதி வாங்கிய எண்ணிக்கையில் அந்தப் பாட்டிலும் உண்டு.