வெந்நீர் அடுப்பில் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள்

இருமலும் இளைப்புமாக வரும் பெண்களிடம், வெந்நீர் அடுப்பை எதை வைத்துப் பற்ற வைக்கிறார்கள் என்று தவறாமல் கேட்பேன். "கவர் போட்டாத்தானுங்க டாக்டர் சட்டுனு பத்தும்" என்பார்கள். திருப்பூர், அவிநாசிப் பக்கம் பால் கவரும் பனியன் கம்பெனி பாலிதீன் பையும் எத்தனையோ வீடுகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காளி அடுப்புக்குத்தான் போகின்றன. பீடி, சிகரெட் பக்கமே போகாதவர்களின் நுரையீரலையும் அந்தப் புகை கெடுத்துவிடுகிறது.

அடுப்பிலும் குப்பை மேட்டிலும் பிளாஸ்டிக் முழுதாக எரிவதில்லை. கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். குழாய், ஒயர் உறை செய்யும் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் சேர்ந்திருந்தால் தொண்டையை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடும், கூடவே டையாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். டையாக்சின் சிதைய 850 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சிதையாத டையாக்சின் புல்லில் படிந்து, மேயும் மாட்டின் பால் கொழுப்பில் சேர்ந்து நம்மிடம் வருகிறது. உடம்புக்குள் வந்தது பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். மாடு மேயும் கொரங்காட்டை ஒட்டிக் குப்பைக்குத் தீ வைக்கிறார்களே, அங்கே மேயும் மாட்டின் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததும் நமக்கு மறந்திருக்காது.

செம்புக்காக ஒயரை எரிப்பது இன்னும் மோசம். மேலுறை பிவிசி, உள்ளே இருக்கும் செம்போ டையாக்சின் உருவாவதைத் தூண்டும். உரித்துத்தான் செம்பை எடுக்க வேண்டும்.

சரி, மறுசுழற்சி? முறையாகச் செய்தால் நல்லதுதான். தண்ணீர் பாட்டிலைச் சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, 260 டிகிரிக்கு மேல் உருக்கி நூலாக்குகிறார்கள். அந்த நூலில் டீ சர்ட்டே வருகிறது. அதே சூட்டில் ஒரு பிவிசி துண்டு சேர்ந்தாலும் அமில வாயு கிளம்பும். பிரிப்பதில் கவனம் வேண்டும் என்பது இதனால்தான். கவர், பக்கெட் எல்லாவற்றையும் உருக்கிச் சின்னச் சின்னக் குருணைகளாக்கும் சின்னப் பட்டறைகளில் சூடு மீறினால் ஆல்டிஹைடு புகை வந்து கண் எரியும், மூச்சு இறுகும். முகத்தில் கட்டும் துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பட்டறை முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வாய்க்கு நேர்மேலே புகையை உறிஞ்சும் கூண்டு வையுங்கள். கழுவிய தண்ணீரை வடிகட்டாமல் விட்டால் பிளாஸ்டிக் துகள் நொய்யல் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்குக் கவர்களை உருக்கிக் குருணையாக்குவது கடினம். 1,400 டிகிரிக்கு மேல் எரியும் சிமெண்ட் சூளைக்கு அனுப்புவது, பொடியாக்கித் தார்ச்சாலையில் கலப்பது என வேறு வழிகள் இருக்கின்றன.

வீட்டில் பால் கவரை அலசிக் காயவைத்துத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அடுப்புப் பற்ற வைக்கப் தென்னம் பன்னாடையும் காய்ந்த ஓலையும் போதும். அந்தப் புகையும் நல்லதல்ல, ஆனால் பிளாஸ்டிக் புகை அளவுக்கு விஷம் இல்லை.

பட்டறையில் வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் "கம்பெனி வேலைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மெஷினில் நிற்கிறீர்கள், எதை உருக்குகிறீர்கள், லீவு நாளில் இருமல் குறைகிறதா என்பதையும் சொல்லுங்கள். வேலையால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முதல் தடயம் அதுதான்.