மிகோரோ: பார்ப்பதற்கும் ஒரு பதம் உண்டு

ஜப்பானியப் பூந்தோட்டங்களின் அறிவிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் மிகோரோ. ‘இமா கா மிகோரோ’ என்று போட்டிருந்தால், இப்போது வந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்று பொருள். ‘மிகோரோ சுகி’ என்றால் அந்த நேரம் தாண்டிவிட்டது. பயணக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ‘சீசன்’ என்றோ ‘உச்சகட்டப் பூப்பு’ என்றோ மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே பொருந்தவில்லை.

முதலில் ஒலிப்பு. இதில் வரும் ‘கோ’வை ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரம் போல ஒலிக்க வேண்டும். தனியாக நிற்கும்போது இது வல்லோசையுள்ள ‘கோரோ’தான், ஏறத்தாழ அந்த வேளை, அந்தச் சமயம் என்று பொருள். இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது ஒலி மென்மையாகிறது. முன்னால் இருக்கும் ‘மி’, பார் என்று பொருள்படும் ‘மிரு’ என்ற வினையின் பகுதி. பூப் பார்த்தலைக் குறிக்கும் ஹனாமியிலும், நிலாப் பார்த்தலைக் குறிக்கும் த்சுகிமியிலும் இருப்பது இதே ‘மி’. அதை எழுதும் சித்திர எழுத்தில் மேலே ஒரு கண்ணும் கீழே இரண்டு கால்களும் இருக்கின்றன. ஆக, மிகோரோ என்றால் பார்க்கும் வேளை. ஹனாமி செயலைச் சொல்கிறது, மிகோரோ அதற்கான நேரத்தைச் சொல்கிறது.

இந்தக் கோரோவுக்கு வேறு உறவுகளும் உண்டு. பழம் சாப்பிடத் தயாராக இருக்கும் நிலை ‘தபெகோரோ’. கல்யாண வயது ‘தொஷிகோரோ’. நம் ‘பருவப் பெண்’ என்ற வழக்குக்கு மிக அருகில் வருவது இது.

மிகோரோ என்பது முழு மலர்ச்சி அல்ல. முழு மலர்ச்சிக்கு ஜப்பானியர் ‘மன்காய்’ என்ற தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், அதற்கு அளவுகோலும் உண்டு. வானிலை முகமை குறித்து வைத்திருக்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் ‘காய்கா’, அதாவது பூப்புத் தொடக்கம். எண்பது விழுக்காட்டுக்கு மேல் விரிந்தால் மன்காய். தோக்கியோவுக்கான மாதிரி செர்ரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. இடையிலும் படிகள் உண்டு: பாதி விரிந்தால் ‘கொபுசாகி’, பத்தில் ஏழு பங்கு விரிந்தால் ‘ஷிச்சிபுசாகி’. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்த மொழிக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இவையெல்லாம் பூ எப்படி இருக்கிறது என்று சொல்பவை. மிகோரோ பார்க்க வருகிறவரை மனத்தில் வைத்துப் பிறந்த சொல்.

தோச்சிகியில் உள்ள அஷிகாகா மலர்ப் பூங்காவின் விஸ்டீரியாக் கொடியைப் பார்த்தால் இது விளங்கும். அவரைக் குடும்பம்தான், நம் சங்குப்பூவுக்கு உறவு. 1996இல் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணையிலிருந்து இங்கே பெயர்த்து நட்டார்கள். இன்று அதன் பந்தல் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். தொங்கும் பூங்கொத்து ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக விரிகிறது. நுனி மொட்டு கண் திறக்கும்போது மேலே இருக்கும் பூ வாட ஆரம்பித்திருக்கும். எல்லாப் பூவும் ஒன்றாக விரிந்து நிற்கும் ஒரு நாள் அந்தக் கொத்துக்குக் கிடையாது. எனவே மேல்பூ நிறம் மங்குவதற்குள், கொத்து நன்றாக நீண்டு இறங்கிய சில நாள்களைத் தேர்ந்து மிகோரோ என்கிறார்கள். அதே தோட்டத்தில் முதலில் வெளிர் ரோஜா நிறம், பிறகு ஊதா, அப்புறம் வெள்ளை, கடைசியில் மஞ்சள் என்று ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை வரிசையாகப் பூக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மிகோரோ. பூ இருக்கும் நிலையைப் பொறுத்து நுழைவுக் கட்டணமும் மாறுகிறது. எனக்கு இது மிகவும் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

இபராகியில் உள்ள ஹிதாச்சி கடலோரப் பூங்காவில் இந்தச் சொல் இன்னும் தூரம் போகிறது. ஏப்ரல் பிற்பகுதியில் குன்று முழுக்க நெமோஃபிலா, சுமார் 53 லட்சம் நீலப் பூக்கள். அதே குன்றில் கோடையில் கோச்சியா செடிகள் பச்சைப் பந்துகளாக நிற்கும். அக்டோபர் நடுவில் செக்கச்செவேல் என்று சிவக்கும். இதன் பழைய பெயர் ஹோகிகுசா, துடைப்பச் செடி. காய்ந்ததும் துடைப்பம் கட்டினார்கள். கோச்சியாவின் பூ கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் அதற்கு மிகோரோ உண்டு. இலையுதிர் கால மேப்பிளுக்கும் உண்டு. குளிர்காலத்தில்கூட, தோக்கியோவின் உஎனோ தோஷோகு ஆலயத் தோட்டத்தில் வைக்கோல் கூரைக்குக் கீழே பியோனி பூத்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி நாள்களுக்கும் மிகோரோ என்றுதான் பெயர்.

ஆகவே தமிழ்ச் சொல்லில் ‘பூ’ இருக்கக் கூடாது. பூப்பருவம், மலர்க்காலம் எல்லாம் இங்கேயே விழுந்துவிடுகின்றன. ‘பருவம்’ மட்டும் போதுமா என்றால், அது மாதக் கணக்கில் நீளும் சொல். செர்ரியின் மிகோரோ ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். ‘சீசன்’ பேச்சுக்குச் சரி. ஆனால் குற்றால சீசன் என்றால் இரண்டு மூன்று மாதம் என்றுதானே மனம் எடுத்துக்கொள்கிறது?

பழந்தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று இருக்கிறது: செவ்வி. தக்க சமயம் என்றும் பொருள், புதுமை குன்றாத அழகு என்றும் பொருள். ‘மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்’ என்ற குறளில் (1289) மலரும் தக்க சமயமும் ஒரே மூச்சில் வருகின்றன. மிகோரோவுக்கு இதைவிட நெருங்கிய சொல்லை நான் பார்க்கவில்லை. ஆனால் செவ்வி இன்று நேர்காணல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ‘நெமோஃபிலா செவ்வி’ என்று தலைப்பிட்டால் பூவிடம் பேட்டி எடுத்ததாகத்தான் படும்.

வழக்கில் உயிரோடு இருப்பது ‘பதம்’. வெல்லப் பாகுக்குப் பதம் உண்டு. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கெட்டுப்போகும். அந்த நெருக்கடி மிகோரோவிலும் இருக்கிறது. காண் என்ற வினைப்பகுதியோடு சேர்த்தால் ‘காண்பதம்’, வினைத்தொகை. மி, கோரோ இரண்டும் சேர்ந்த அதே அமைப்பு. ணகர ஒற்றுக்குப் பின் பகரம் மென்மையாக ஒலிப்பதும் தற்செயலான பொருத்தம். சொல் என்ற பொருளில் வரும் வடமொழிப் ‘பதம்’ நினைவுக்கு வந்து குழப்புமே என்று கேட்கலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது:

நெமோஃபிலா இந்த வாரம் காண்பதத்தை எட்டிவிட்டது.

வெள்ளை விஸ்டீரியாவுக்கு இன்னும் காண்பதம் வரவில்லை.

கியோத்தோவில் மேப்பிள் இலைகளின் காண்பதம் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதி.