காற்றுக்குத் தாகம் மூட்டும் கருவி: முடி உலர்த்தி

மாரி காலத்தில் வட இலங்கையின் வன்னியில் முழுகிய தலை காய அரைநாள் பிடிக்கும். கோடையில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசினால், கிணற்றடியிலிருந்து விறாந்தைக்கு வருவதற்குள் பாதி ஈரம் போய்விடும். இரண்டுக்கும் இடையில் முக்கிய வேறுபாடு, காற்றில் நீராவிக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதுதான்.

28 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழை நாளில் அதில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியிருக்கும். கூந்தலின் ஈரத்துக்கு அங்கே இடமில்லை. அதே காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் 130 கிராம் வரை தாங்கும். நீராவி கூடவில்லை, கொள்ளளவு கூடிவிட்டது. 90 சதவீத ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முடி உலர்த்தியின் வித்தை இவ்வளவுதான். அம்மம்மாமார் தணலில் சாம்பிராணி போட்டுக் கூந்தலை விரித்துப் பிடித்ததும் இதே வேலைதான். விசிறி மட்டும் இல்லை.

2002இல், போரால் மூடியிருந்த ஏ-9 வீதி (கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை) திறந்தபின் ஜெர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த உறவினர்களின் பெட்டிகளில், சொக்லேற்றுக்கும் சென்ற் போத்தலுக்கும் நடுவே, பழைய செம்மஞ்சள் நிற உலர்த்திகளும் வந்து இறங்கின. அந்நாட்களில் பொழுதுபட்டதும் விளக்குக்காக இயக்கும் சிறிய ஜெனரேற்றர்தான் பல வீடுகளில் மின்சாரம். அதில் 1000 வாட் உலர்த்தியைக் கொளுவினால் இயந்திரம் முக்கும், குமிழ்கள் மங்கும், வீட்டுக்காரர் சத்தம் போடுவார். உலர்த்தியின் பேராசை என்று சொல்ல முடியாது: 100 கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 240 கிலோயூல் சக்தி வேண்டும். 1000 வாட்டின் சூடு முழுவதும் நீருக்கே போனாலும் நான்கு நிமிடம். உண்மையில் பெரும்பகுதி அறைக்குத்தான் போகிறது. அதனால் பல வீடுகளில் அது கூந்தலைவிட, மழையில் நனைந்த கொப்பிகளையும் றேடியோவையும் காய வைக்கவே அதிகம் பயன்பட்டது.

திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே சூடு தாங்கும் மைக்கா தகடுகளில் சுற்றிய நிக்குரோம் கம்பிச்சுருள் தெரியும். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் கம்பி சிவக்கச் சிவக்கச் சூடானாலும் எரிந்துபோவதில்லை. மேலே படியும் குரோமியம் ஒட்சைட்டுப் படை காற்றைத் தடுத்துவிடுகிறது. பல பிளாஸ்ரிக் உலர்த்திகளில் மோட்டர் 230 வோல்ட்டைத் தாங்காத சின்னஞ்சிறியது. கம்பிச்சுருளின் ஒரு பகுதியே மின்னழுத்தத்தைக் குறைத்து, மின்னை ஒரே திசையில் விடும் நான்கு டயோட்டுகள் வழியாக அதற்கு அனுப்புகிறது. அதனால்தான் அந்தச் சுருள் அறுந்தால் விசிறியும் நின்றுவிடும்; மோட்டர் பழுது என்று எறிந்தவர்கள் பலர்.

பின்புற வலையில் முடியும் தூசும் அடைத்தால் காற்று குறையும், சூடு ஏறும், தீய்ந்த மணம் வரும். அப்போது விரிவு வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒட்டிய பட்டி வளைந்து, "டிக்" என்று மின்னைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். தானாக நின்று தானாக ஓடுகிறது என்று பேயைச் சந்தேகிக்கத் தேவையில்லை. வலையைத் துடைத்தால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். 1979இல் அமெரிக்காவில் பல நிறுவனங்களின் உலர்த்திகளில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார்க் காப்பு இருப்பது தெரியவந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முந்தைய ஒன்று உங்கள் அலுமாரியில் கிடந்தால், உள்ளே சாம்பல்நிற அட்டை போன்ற குழாய் தெரிகிறதா என்று திறந்து, வாயால் ஊதித் தூசு தட்ட வேண்டாம். இயக்காமல் அப்படியே பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.