கம்பேக் என்றால் மறுபிரவேசம் அல்ல

போன வாரமும் அந்தச் சொல் காதில் விழுந்தது. 2004இல் அமெரிக்க பேஸ்பாலில் நடந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரைப் பற்றிய ஒரு தமிழ்க் காணொளி. ஏழு ஆட்டத் தொடர், நான்கை முதலில் வெல்பவருக்கே வெற்றி. பின்னணிக் குரல் கொடுத்தவர் நல்ல உற்சாகத்தோடு, "போஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மாபெரும் மறுபிரவேசம்" என்றார். போஸ்டன் எங்கே போயிருந்தது, திரும்பி நுழைவதற்கு? நியூயார்க் யாங்கீஸிடம் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றார்கள்; மூன்றாவதில் 19-8 என்று நொறுங்கினார்கள். ஆனால் மைதானத்தை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை. அங்கேயே நின்று அடுத்த நான்கையும் வென்றார்கள். மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் 0-3 என்ற நிலையிலிருந்து ஒரு தொடரை வென்றதில்லை. இதற்குப் பெயரா மறுபிரவேசம்?

கம்பேக் என்பது 'திரும்பி வா' என்னும் ஆங்கில வினையே பெயராக உறைந்த சொல். பேச்சில் சுடச்சுடக் கொடுக்கும் பதிலடிக்கும் அதே பெயர்தான். பேஸ்பாலில் பேட்டர் அடித்த பந்து நேராக பந்தை வீசிய பிட்சரிடமே பாய்ந்து வந்தால் அதைக் கம்பேக்கர் என்பார்கள். ஆனால் ரசிகர்கள் வாயில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் முதன்மைப் பொருள் ஒன்றுதான்: கெட்ட நிலைக்குப் போனவன், இழந்த நிலையைத் திரும்பப் பிடிப்பது.

பிரவேசம் வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பொருள் பொருந்தவில்லை, அதுதான் என் வழக்கு. கிரகப் பிரவேசம், ஆலயப் பிரவேசம், அரசியல் பிரவேசம் எல்லாவற்றிலும் ஒரு வாசல் இருக்கிறது, ஒருவர் வெளியிலிருந்து உள்ளே வருகிறார். கம்பேக்குக்கு வாசல் தேவையில்லை. பேஸ்பால் வீரர் கோடி பெலிஞ்சரைப் பாருங்கள். 2019இல் நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர். 2021இல் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .165. அடுத்த ஆண்டும் தேறவில்லை. டாட்ஜர்ஸ் அணி விட்டுவிட்டது. 2023இல் சிகாகோ கப்ஸுக்கு ஆடி .307 சராசரியும் 26 ஹோம் ரன்னும் எடுத்து, அந்த ஆண்டின் கம்பேக் வீரர் விருதை வாங்கினார். இத்தனை ஆண்டும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். "ஆண்டின் மறுபிரவேச வீரர்" என்று அந்த விருதை மொழிபெயர்த்தால், நடுவில் எங்கோ காணாமல் போனவர் என்றல்லவா வாசகர் நினைப்பார்?

மறுபக்கமும் உண்டு. ஓய்வு பெற்றிருந்த பால்டிமோர் பந்து வீச்சாளர் ஜிம் பால்மர் 1990இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 45 வயதில், மறுபடியும் பந்து வீச வந்தார். பயிற்சிக் காலத்தில் இரண்டே இன்னிங்ஸ் வீசிவிட்டு அத்தோடு விட்டுவிட்டார். உள்ளே நுழைந்தார், அது பிரவேசம்தான். அதைக் கம்பேக் என்று சொல்ல முடியாது. கம்பேக் முயற்சி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆக, மறுபிரவேசம் இல்லாமல் கம்பேக் உண்டு, கம்பேக் இல்லாமல் மறுபிரவேசமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்குவது சோம்பல்.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது பேஸ்பாலின் விதி. மாற்று வீரரை இறக்கி ஒருவரை வெளியே எடுத்துவிட்டால், அன்றைய ஆட்டத்துக்குள் அவர் திரும்ப வரவே முடியாது. உண்மையான மறுபிரவேசம் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்ட காரியம்! அதே 2004 தொடரின் நான்காவது ஆட்டம், அக்டோபர் 17, போஸ்டனின் ஃபென்வே பார்க். வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3 என்று முன்னணியில். வீசுபவர் மரியானோ ரிவேரா. போஸ்டனின் கெவின் மில்லர், எல்லைக்கு வெளியே விழுந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போகிறார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸை இறக்குகிறார்கள். ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருட ஓடப் போகிறார் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கே எறிந்து அவரைத் திரும்ப ஓடவைக்கிறார். பிறகு பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். கையை நீட்டிப் பாய்ந்து இரண்டாவது பேஸைத் தொட்டதும் யாங்கீஸ் வீரர் ஜீட்டரின் கையுறை அவர்மேல் இறங்கியதும் ஒரு இமைப்பொழுது இடைவெளியில். அடுத்து பில் மில்லர் அடித்த அடியில் ஆட்டம் சமன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். இதையெல்லாம் கெவின் மில்லர் உட்கார்ந்துதான் பார்த்தார். விதிப்படி அவருக்கு மறுபிரவேசம் கிடையாது. அந்தக் கம்பேக்கில் அவருக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்வார்களா?

'மீள்வருகை' என்று எழுதுவோர் ஒரு படி மேல். முதல் பாதி சரி. ஆனால் வருகை என்றதும் விருந்தாளி நினைவு வருகிறது. வருகைப் பதிவேடு, வருகை தந்த அமைச்சர். அந்தப் பின்பாதியைத் தூக்கிவிட்டால் நமக்கு வேண்டிய சொல் தானாக நிற்கிறது: மீட்சி.

ஆள் என்பதிலிருந்து ஆட்சி வந்ததுபோல் மீள் என்பதிலிருந்து மீட்சி. மீள்வது வெறுமனே திரும்புவது இல்லை, ஒன்றின் பிடியிலிருந்து திரும்புவது. காய்ச்சலிலிருந்து மீண்டாள் என்கிறோம், கடனிலிருந்து மீளவே முடியவில்லை என்கிறோம். எதிலிருந்து என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வைத்தால் இணைச்சொல் போலவே ஒலிக்கிறது.

மீட்பு வேறு, மீட்சி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் குழப்புகிறார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், பந்து வீச்சாளர் டாமி ஜானின் வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். அது மீட்பு. ஒரு முழு ஆண்டு ஆடாமல் கையைப் பழக்கி, 1976இல் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் ஜான் 164 வெற்றிகள் எடுத்தார். அது மீட்சி. அடுத்தவர் செய்தால் மீட்பு, தானே மீண்டால் மீட்சி. இவ்வளவு நுட்பமான வேறுபாடு கையில் இருக்க, எதற்கு இரவல்?

மீட்சி என்றால் பொருளாதாரச் செய்தி மாதிரி இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டும், அங்கேயும் அதே பொருள்தான். தலைப்பில் சொல் கனமாகத் தெரிந்தால் வினையாக்குங்கள்: "மீண்டது போஸ்டன்." இதைவிடச் சுருக்கமாக யாரால் எழுத முடியும்?

நம் விளையாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆட்டிட்யூட் என்று வந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு 'மனப்பான்மை'. 2015இல் டொராண்டோவின் ஹோசே பாட்டிஸ்டா ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைச் சுழற்றி வீசியதை "மனப்பான்மையைக் காட்டினார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான், அது கெத்து. பிடிக்காதவர்களுக்குத் திமிர். மனப்பான்மை யாருக்கும் இல்லை.

அந்த நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் கெவின் மில்லர் கண்ணில் பட்டவரிடமெல்லாம், இன்றைக்கு மட்டும் எங்களை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். முந்தின இரவு 19 ரன் வாங்கிய அணிக்காரர். காணொளியில் அதற்கும் "நேர்மறை மனப்பான்மை" என்றுதான் வந்தது. நம் ஊரில் அதற்கு வீம்பு என்று பெயர்.