நடிகர் பெயரில் ஃபிரான்சைஸ் எடுக்கிறீர்களா?

ஃபிரான்சைஸ், அதாவது இன்னொருவர் பிராண்டில் கடை நடத்தும் உரிமை, எடுக்க நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் ஒரு நடிகரின் பெயரோ கிரிக்கெட் வீரரின் பெயரோ இருந்துவிட்டால், "சார், அவர் பெயருக்கே கூட்டம் வரும்" என்பார்கள். வரும்தான். அதே ஆள் மறுபடி வருவாரா என்பதுதான் ஆடிட்டரான எனக்குக் கவலை. அப்போது பிளானட் ஹாலிவுட் என்ற அமெரிக்க உணவகச் சங்கிலியின் கணக்கைச் சொல்வேன்.

1991 அக்டோபரில் நியூயார்க்கில் முதல் கடை. ஆரம்பித்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஏர்ல், ராக் இசையைக் காட்டிக் கூட்டம் சேர்த்த ஹார்ட் ராக் கஃபே உணவகத்தில் இருந்து வந்தவர், தொழில் தெரிந்தவர். முகங்களாக ஹாலிவுட் நட்சத்திரங்கள் ஷ்வார்ஸ்நெக்கர், ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ், டெமி மூர். சுவரெல்லாம் சினிமா உடைகளும் சாமான்களும். பர்கரோடு டி-ஷர்ட்டும் விற்றார்கள். லாபம் டி-ஷர்ட்டில்தான் கொழித்தது. 1996 ஏப்ரலில் 18 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். முதல் நாளே 30 டாலரைத் தாண்டிப் போய்த் திரும்பியது. 1999இல் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே. அந்த அக்டோபரில் திவால் மனு, 2001இல் இன்னொன்று.

எங்கே சறுக்கியது? எல்லாக் கடைகளின் விற்பனையையும் சேர்த்த தொகையைப் பார்த்தால் தெரியாது. புதுக்கடை திறக்கத் திறக்க அது ஏறிக்கொண்டே இருக்கும். ஓராண்டுக்கு மேல் ஓடிய கடைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 1997இலேயே அங்கே விற்பனை இறங்கத் தொடங்கிவிட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். நடிகரைப் பார்க்கலாம் என்று வந்து, சுமாரான பர்கரைச் சாப்பிட்டு, ஒரு டி-ஷர்ட்டோடு போனவர்கள். இரண்டாவது டி-ஷர்ட் யாருக்கு வேண்டும்? வாடகையோ மாதாமாதம் வரும். நட்சத்திரங்கள் தந்தது முக்கியமாக முகமும் நேரமும், பெற்றது பங்கு. 2000 ஜனவரியில் ஷ்வார்ஸ்நெக்கர் விலகிக்கொண்டார்.

1995இல் சூப்பர் மாடல்களை முன்னிறுத்தி வந்த ஃபேஷன் கஃபே இன்னும் சீக்கிரம் படுத்தது. மாடல் அழகிகளின் கடையில் வயிறாரச் சாப்பிடலாம் என்று யாருக்குத் தோன்றும்?

சரி, பிரபலமே சமையல்காரராக இருந்தால்? பிரிட்டிஷ் டிவி சமையல்காரர் ஜேமி ஆலிவர் 2008இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேமிஸ் இத்தாலியன் உணவகத்தைத் தொடங்கினார். கிளைகள் மளமளவென்று பெருகின. வாடகையும் கடனும் கூடவே ஏறின. சொந்தப் பணத்தையும் போட்டுப் பார்த்தார். 2019 மே மாதம் 22 கடைகள் மூடப்பட்டன, சுமார் 1,000 பேருக்கு வேலை போயிற்று.

எனக்குப் பிடித்த விதிவிலக்கு கென்னி ரோஜர்ஸ் ரோஸ்டர்ஸ் என்ற வறுத்த கோழிக் கடை. பாடகர் கென்னி ரோஜர்ஸும் கேஎஃப்சியை முன்பு நடத்திய ஜான் பிரவுனும் 1991இல் ஆரம்பித்தது. 1998இல் அமெரிக்காவில் திவால். ஆனால் மலேசியாவின் பெர்ஜாயா குழுமம் 2008இல் பிராண்டையே வாங்கி இன்றும் நடத்துகிறது. அவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்காதவர்களும் அங்கே கோழிக்காகப் போகிறார்கள்.

ஆகவே, கையெழுத்துக்கு முன் பழைய கிளைகளின் இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்கைக் கிளைவாரியாகக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். பிரபலம் ரொக்கம் போட்டிருக்கிறாரா, தன் பெயரைத் தந்ததற்குப் பதிலாகப் பங்கு வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். பெயரைப் பயன்படுத்த நீங்கள் கட்டும் ராயல்டி, பெரும்பாலும் லாபத்தில் அல்ல, விற்பனையில் ஒரு சதவீதமாகத்தான் போகும். நீங்கள் நஷ்டத்தில் இருந்தாலும் கட்டியாக வேண்டும். அப்புறம், அவர் பாதியில் விலகினால் பெயர்ப்பலகை மாற்றும் செலவு யாருடையது, டெபாசிட் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் அந்த இரண்டும் இல்லை.