சர்டிஃபைடு டாரட் ரீடர்: சொல் விளக்கம்

வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் டியூஷன் பலகைக்கும் தையல் வகுப்புப் பலகைக்கும் நடுவே, படச்சீட்டு எடுத்துக் குறி சொல்பவரின் இந்தப் பெயர் இப்போது கண்ணில் படுகிறது. பெரும்பாலும் ஆங்கில ஒலியிலேயே இருக்கும். தமிழாக்க முனைபவர்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட டாரட் வாசிப்பாளர்’ என்கிறார்கள். மூன்று சொற்களில் இரண்டு பிழை. பிழையில்லாத ஒன்று டாரட். அதை மொழிபெயர்க்கவே இல்லை என்பதுதான் காரணம்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த விளையாட்டுச் சீட்டு. முதலில் ‘திரியோன்ஃபி’, அதாவது வெற்றிச் சீட்டுகள், என்று அழைத்தார்கள். பிறகு ‘தரோக்கி’ ஆகி, பிரெஞ்சு வழியாக இன்றைய பெயர் வந்தது. வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. கட்டில் 78 சீட்டுகள்: வழக்கமான நான்கு இனங்களில் 56, தனிப் படச்சீட்டுகள் 22. இது எகிப்தியரின் மறைஞானம் என்ற கதையை 1781இல் பாரிஸில் கிளப்பியவர் குர் தெ ஷெபெலின் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி தெரிந்ததோ 1822இல்தான்! இன்று குறி பார்ப்பவர்கள் பெரிதும் கையாளும் படங்கள் 1909இல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இந்தச் சீட்டை இன்றும் பொழுதுபோக்காக ஆடுகிறார்கள். ஆங்கிலேயர் ஈற்று ஒலியை விழுங்கி ‘டாரோ’ என்பார்கள். நமக்கு ‘டாரட்’ நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

‘வாசிப்பாளர்’ பொருந்தாது. ‘ரீட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அறிவுரை கூறுதல், புதிரை விடுவித்தல் என்ற பொருள்கள் இருந்தன. எழுத்தைப் படிப்பது அதன் பல பொருள்களில் ஒன்றுதான். தமிழில் வாசிப்பதற்கு எழுத்து வேண்டும். வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஏட்டை வாசிக்கிறார்கள், ஏட்டில் எழுத்து இருக்கிறது. கையை யாரும் வாசிப்பதில்லை. கைரேகை பார்க்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம். சங்கப் பாடல்களில் கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்த்தாள். கோயில் வாசலில் கிளி எடுத்துத் தருவதும் சீட்டுதான். ஆகவே சீட்டுக்குறி பார்ப்பவர் என்றால் பாமரருக்கும் புரியும். ‘குறி’ என்ற சொல் கௌரவக் குறைவு என்று சிலர் தயங்குவது வீண் கூச்சம். (வேடிக்கை என்னவென்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சோதிடரின் கிளியைக் கூண்டில் வைக்கக் கூடாது என்கிறது. சீட்டைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.)

இனி ‘சர்டிஃபைடு’. லத்தீனில் ‘செர்துஸ்’ என்றால் உறுதியானது. உறுதியாக்கித் தருவது சர்டிஃபிகேட். நம் முன்னோர் அதை நற்சாட்சிப் பத்திரம் என்றார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் தராதரப் பத்திரம் என்கிறார்கள். சாட்சி வடசொல், கண்ணால் கண்டவர் என்பது பொருள். சான்று நம் சொல். நிறைதல், பொருந்துதல் என்ற பொருளுடைய ‘சால்’ என்பதிலிருந்து வருகிறது. சான்றோரும் சான்றாண்மையும் அதே வேரின் கிளைகள். அப்படியானால் சான்றிதழைக் கண்டதும் கேட்க வேண்டியவை இரண்டு: எது நிறைந்தது, நிறைந்ததைக் கண்டவர் யார்? டாரட்டில் நிறைந்தது ஒரு பயிற்சி வகுப்பு. கண்டவர், பெரும்பாலும் அந்த வகுப்புக்குப் பணம் வாங்கிய ஆசிரியரே.

அங்கீகாரம் வேறு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அரசு முத்திரை நினைவுக்கு வருகிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் சட்டப்படி அமைந்த மன்றங்கள் உண்டு. பதியாமல் தொழில் செய்ய முடியாது, தவறினால் பெயரை நீக்கலாம். டாரட்டுக்கு இந்தியாவில் அப்படி ஒரு மன்றம் கிடையாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கும் டாரட் சங்கங்கள் தன்னார்வ அமைப்புகள். நீக்கினாலும் ஆள் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலச் சட்டமோ, பணம் வாங்கிக் குறி சொல்வதையே, கேளிக்கையாக நடத்தினால் தவிர, குற்றம் என்கிறது. எனவே ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்பதும் ‘உரிமம் பெற்ற’ என்பதும் பொய்யாகும். ‘பயிற்சிச் சான்று பெற்றவர்’ என்பது உண்மையாகும்.

அந்தச் சங்கங்கள் வைத்திருக்கும் ‘கோட் ஆஃப் எதிக்ஸ்’ தமிழில் தொழில்நெறி. கேட்டு வந்தவர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. நோய்க்கும் வழக்குக்கும் தீர்வு சொல்லாமல் உரியவரிடம் அனுப்ப வேண்டும். அச்சமூட்டிக் காசு பறிக்கக் கூடாது. இத்தகைய நெறிகளில் வழக்கமாக இடம்பெறுபவை இவை. கடைசியதற்கு நம் ஊரில் பெயர் உண்டு: பரிகாரம். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் தோஷம் நீக்குவதாகச் சொல்லிக் கழிப்பு கழிப்பதைக் கேள்விப்படாதவர் இல்லை. ‘தோஷம் இருக்கிறது, இன்னும் இவ்வளவு ஆகும்’ என்ற வாக்கியம் வரும்போது சுவரில் மாட்டிய சான்றிதழ் யாரையும் காப்பாற்றுவதில்லை.

பணத்தின் பெயரையும் இங்கே கவனிக்க வேண்டும். தட்சணை என்பது கொடுப்பவர் விருப்பம். கட்டணம் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்ட தொகை, ரசீது கேட்கலாம். தொழில்நெறி பேசுபவர் தட்சணை என்று வாங்கினால் அது மழுப்பல். பலகையில் ‘டாரட் சீட்டுக்குறி, பயிற்சிச் சான்று உண்டு’ என்று எழுதி, அதன் கீழே கட்டணத்தையும் எழுதிவிடலாம்.